மூன்று நாய், இரண்டு பூனை: ஒவ்வொன்றையும் தனியாகக் கவனிப்பது எப்படி?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டில் ஒன்பது வயது லேப்ரடார் ராணி, மூன்று வயது நாட்டு நாய் வீரா, இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த குட்டி டைகர் (இப்போது ஐந்து மாதம்). அப்புறம் இரண்டு பூனைகள்: செம்பட்டைக் கடுவன் சிம்பு, மூன்று நிறப் பெட்டை மீனு. குட்டி வந்த நாளிலிருந்து ராணி கேட்டுக்கு ஓடி வருவதில்லை, மூலையிலேயே படுத்துக் கிடக்கிறாள். யாரைத் தடவினாலும் வீரா நடுவில் தலையை நுழைக்கிறான். மீனு பீரோ மேலேயே குடியிருக்கிறாள். "வேலை முடிந்து வந்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கு போட்டுப் பார்த்தேன். அவர்களுக்கும் போதவில்லை, எனக்கும் மனசு நிறையவில்லை. எங்கே தவறுகிறேன்?"

நீங்கள் தவறியதாக எனக்குத் தோன்றவில்லை. "பங்கு" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். கவனிப்பு சோறு மாதிரி இல்லை, ஐந்து தட்டில் ஐந்து கரண்டி வைத்துவிட்டு எழுந்திருக்க. 90 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 18 நிமிடம். அந்தப் 18 நிமிடம் வீராவுக்குப் பற்றாது. மீனுவுக்கு அதுவே தாங்க முடியாத அளவு. ஐந்து மாதக் குட்டியால் 18 நிமிடம் ஒரே விஷயத்தில் மனம் வைக்க முடியாது. ஒவ்வொன்றும் எதைக் கவனிப்பு என்று எடுத்துக்கொள்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும், அதுவும் மற்றவை பார்க்காத இடத்தில் கொடுக்க வேண்டும். 24 வருடமாகத் திருச்சியில் நாய் பூனைகளோடு வாழ்ந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ஏழு நாய்களும் நான்கு பூனைகளும் இருந்தன. நான் மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவரிடம் எப்போது ஓட வேண்டும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

முதலில் ராணி. "குட்டி வந்ததும் பொறாமை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒன்பது வயது லேப்ரடார் கிழவிதான். அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் தேய்வது சகஜம், உடம்பு கொஞ்சம் கனத்தால் இன்னும் சீக்கிரம் தேயும். மூட்டு வலி உள்ள நாய் மேல் ஐந்து மாதக் குட்டி நாள் முழுக்க எகிறிக் குதித்தால் அவள் எங்கே போவாள்? மூலைக்குத்தான். நமக்கு அது கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். படுத்து எழும்போது முன்காலை நீட்டிச் சிரமப்படுகிறாளா, வாசல் படியில் ஒரு கணம் நின்று யோசிக்கிறாளா, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குகிறாளா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நம் ஊரில் அது எல்லா மாதமும் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய் இப்படித்தான் மந்தமாகக் கிடக்கும். இந்த வாரமே அழைத்துப் போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு மனசைப் பற்றிப் பேசலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் செல்லி.

2011 ஏப்ரல். அப்போது வீட்டில் ஐந்து நாய்கள். கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி, எல்லாருக்கும் அதில்தான் தண்ணீர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நிரப்புவேன். அந்த வாரம் மத்தியானமும் நிரப்ப வேண்டியிருந்தது. திருச்சி வெயில், குடிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். செல்லிக்கு ஏழு வயது. பெரிய நாயாகத்தான் எங்களிடம் வந்தாள், கருத்தடை அறுவை சிகிச்சையை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எதையும் கேட்காத பிறவி அவள். நான் கேட்டைத் திறந்தால் மற்ற நான்கும் மேலே பாயும். அவள் பின்னால் நின்று வாலை இரண்டு தடவை ஆட்டுவாள், அவ்வளவுதான். நானும் அவள் தலையைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் உண்ணி பார்ப்பதற்காக அவளை மட்டும் திண்ணைக்கு அழைத்து மடியோடு சாய்த்துக்கொண்டேன். வயிற்றில் கை வைத்தால் மத்தளம் மாதிரி விறைப்பாக இருந்தது. அழுத்தியபோது அவள் கத்தவில்லை, என் மணிக்கட்டை நக்கினாள். அன்றிரவே கர்ப்பப்பையை எடுத்தார்கள், முழுக்கச் சீழ். வெளியே கசியாத வகை, அதனால் வெளியே ஓர் அடையாளமும் தெரியவில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து சில வாரங்களில் இது வரலாம். நிறையத் தண்ணீர் குடிப்பது அதன் முக்கியமான அறிகுறி. அந்த வாரம் தொட்டியில் குறைந்த தண்ணீரெல்லாம் அவள் குடித்ததுதான். நான் பார்த்தது தொட்டியை, அவளைப் பார்க்கவில்லை. பிழைத்து இன்னும் நான்கு வருடம் எங்களோடு இருந்தாள். ஆனால் இன்னும் ஒரு நாள் நான் திண்ணையில் உட்காராமல் இருந்திருந்தால் இருந்திருக்க மாட்டாள்.

அதனால் தனிக் கவனிப்பு என்றதும் என் மனசில் கொஞ்சுவது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது கை வைத்துப் பார்ப்பது. நிறையப் பிராணிகள் இருக்கிற வீட்டில் உடம்பு சரியில்லாதது கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். யார் சாப்பிடவில்லை, யார் கக்கியது, யாருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒன்றும் தெரியாது, தட்டுகள் மட்டும் காலியாகியிருக்கும். மாதத்துக்கு இரண்டு நாள் தண்ணீர்க் கிண்ணங்களைப் பிரித்து அளந்து வையுங்கள். சாதாரணமாக நாய் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50, 60 மில்லி தண்ணீர் குடிக்கும். வெயிலிலும் ஓடியாடும் நாளிலும் கூடுதலாகும். 100 மில்லியைத் தாண்டினால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ராணி 30 கிலோ இருந்தால் மூன்று லிட்டர்தான் எல்லைக்கோடு. நன்றாகத் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நாயானாலும் பூனையானாலும் 30-க்குள் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்தக் கருவியும் வேண்டாம், தனியாக ஒரு நிமிடம் போதும்.

சரி, இனி "கதவைச் சாத்தி" என்று நான் எப்போதும் சொல்வதைப் பற்றி.

ஐந்தும் ஒரே கூடத்தில் இருக்கும்போது நீங்கள் ராணியைத் தடவுகிறீர்கள். உங்கள் கை அவள் மேல் இருக்கிறது. ஆனால் அவள் கண் டைகர் மேல் இருக்கும், எப்போது வந்து விழுவானோ என்று. உங்கள் கண்ணும் வீரா மேல் போய்விடும். அந்தப் பத்து நிமிடம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதே பத்து நிமிடத்தைப் படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு பெரிய பெருமூச்சு விட்டு உங்கள் காலில் தாடையைச் சாய்ப்பாள். அந்தப் பெருமூச்சுக்காகக் காத்திருங்கள். அது வந்ததென்றால் அவள் காவலை இறக்கிவைத்துவிட்டாள் என்று பொருள்.

அந்த நேரத்தில் கைபேசி அறைக்கு வெளியே இருக்கட்டும். வயதான நாய்க்கு விளையாட்டு வேண்டாம். சீப்பால் மெதுவாக வாருங்கள், காது மடலுக்குள் பாருங்கள், கால் விரல் இடுக்கில் உண்ணி தேடுங்கள், நகம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுப் பக்கமும் மடிக்காம்பு ஓரமும் விரலை ஓட்டி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று கவனியுங்கள். அவளுக்கு அது கொஞ்சல், உங்களுக்கு அது பரிசோதனை. முடிவில் அவளுக்குப் பிடித்த எதையாவது ஒரு வாய் கொடுங்கள். எங்கள் கிழவன் மணிக்கு அது அவித்த பூசணித் துண்டு.

அறைக்கு வெளியே வீரா கதவைப் பிறாண்டுவான், அது நடக்கத்தான் செய்யும். உள்ளே போவதற்கு முன்பு பழைய துண்டு ஒன்றில் அவனுடைய உலர் தீனியைத் தூவிச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பிரித்துத் தின்ன அவனுக்குப் பத்து நிமிடமாகும். இன்னொன்றையும் கற்றுக்கொள்வான்: அந்தக் கதவு சாத்தினால் தனக்கும் நல்லது நடக்கிறது. ராணி உள்ளே போவதை அவன் வெறுக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரிய வேலை.

நாய்களுக்குப் பொறாமை உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்வேன். 2014-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் ஹாரிஸ் 36 நாய்களை வைத்துப் பார்த்தார். உரிமையாளர் தன் நாயைக் கண்டுகொள்ளாமல், குரைத்து வாலாட்டும் ஒரு பொம்மை நாயைக் கொஞ்ச வேண்டும். இன்னொரு தடவை ஒரு வாளியைக் கொஞ்ச வேண்டும், இன்னொரு தடவை புத்தகம் படிக்க வேண்டும். பொம்மை நாயைக் கொஞ்சும்போதுதான் நாய்கள் உரிமையாளரை அதிகமாக முட்டித் தள்ளின, நடுவில் நுழையப் பார்த்தன. உங்கள் வீரா செய்வது இதேதான்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது 2008-இல் வியன்னாவில் ஃப்ரீடரிகே ராங்கே செய்தது. இரண்டு நாய்களை அருகருகே உட்காரவைத்துக் கையைக் கொடு என்று கேட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் தின்ன ஏதோ கிடைத்தது, மற்றதற்கு ஒன்றுமில்லை. கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் ஒன்றுக்கு ரொட்டியும் மற்றதற்கு இறைச்சியும் கொடுத்தபோது ரொட்டி வாங்கிய நாய் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அதாவது சமமாகக் கிடைக்கிறதா என்று நாய் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தன் கண்ணெதிரே தான் விடுபட்டதைத்தான் பார்க்கிறது. ஆகவே அளவைப் பற்றி உங்கள் மனசை உறுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றின் முன்னால் இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு முதலாவதை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

வீராவுக்கு இதை வைத்தே முறை கற்றுக்கொடுக்கலாம். மூன்று நாய்களையும் எதிரே உட்காரவையுங்கள், முதல் வாரம் இரண்டு பேரோடு தொடங்கினாலும் சரி. கையில் பட்டாணி அளவு அவித்த கோழித் துண்டுகள். "ராணி" என்று சொல்லி ராணிக்குக் கொடுங்கள். வீரா மூக்கை நீட்டினால் கையை மூடி மார்போடு வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். திட்ட வேண்டாம். அவன் பின்வாங்கிய கணத்தில் "வீரா" என்று சொல்லிக் கொடுங்கள். தலையை நுழைத்தால் எல்லாம் நின்றுபோகும், காத்திருந்தால் தன் பெயர் வரும் என்று அவனுக்குப் புரிய இரண்டு வாரம் பிடிக்கும். தெருவில் பிறந்து, கிடைப்பதைப் பாய்ந்து பிடித்தால்தான் சோறு என்று வளர்ந்தவனாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாளாகும். அவனுக்கு அவசரம் தருகிற பயம் அது, குணக்கேடு இல்லை. உறுமினாலோ பல்லைக் காட்டினாலோ இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தனித்தனி அறையில் தொடங்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. நிறைய வீடுகளில் எல்லா நாய்களும் "டேய்", எல்லாப் பூனைகளும் "தங்கம்". அந்தச் சொல்லுக்கு ஐந்தும் ஓடிவரும், தன் பெயருக்கு ஒன்றும் திரும்பாது. 2019-இல் ஜப்பானில் அத்சுகோ சைத்தோ பூனைகளுக்குத் தன் பெயர் தெரியுமா என்று சோதித்தார். பல பூனைகள் உள்ள வீடுகளில்கூடப் பூனைகள் கூட வாழும் மற்றப் பூனைகளின் பெயரிலிருந்து தன் பெயரைப் பிரித்து அறிந்தன. பூனைகளை வைத்து நடத்தும் காபிக் கடைகளில் இருந்த பூனைகளோ கூட இருப்பவற்றின் பெயருக்கும் தன் பெயருக்கும் வித்தியாசம் காட்டவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூப்பிடுகிற இடத்தில் பெயருக்கு என்ன அர்த்தம் இருக்கும்? உங்கள் வீடு அந்தக் காபிக் கடையாக வேண்டாம். ஒரு பெயர் ஒருவருக்கு மட்டும் நல்லது கொண்டுவர வேண்டும். திட்டுவதற்கு அந்தப் பெயரைத் தொடவே கூடாது.

வீராவுக்கு வேண்டியது தடவலைவிட நடை. வாரத்தில் நான்கு நாளாவது அவனை மட்டும் தனியாக வெளியே அழைத்துப் போங்கள். 25 நிமிடம் போதும். அவன் மோப்பம் பிடிக்கிற இடத்தில் நின்று கொடுங்கள், இழுக்காதீர்கள். ஒரு மின்கம்பத்தை அவன் மூன்று நிமிடம் மோந்தால் மூன்று நிமிடமும் நிற்க வேண்டும். தன் போக்குக்கு ஒருவர் கூட வருகிறார் என்பதுதான் அவனுக்குக் கிடைக்கிற கவனிப்பு. அந்த நடைக்குப் பிறகு வீட்டுக்குள் நடுவில் நுழைவது பாதியாகக் குறையும், என் வீட்டில் குறைந்தது.

டைகர் விஷயத்தில் எல்லாரும் செய்கிற ஒரு தவறை இரண்டாவது மாதத்திலேயே நிறுத்திவிடலாம். "துணைக்கு இரண்டு நாய் இருக்கிறதே, குட்டி தானாகக் கற்றுக்கொள்ளும்" என்று விட்டுவிடுவார்கள். கற்றுக்கொள்ளும்தான், நாய்களிடமிருந்து. வீரா கேட்டில் குரைத்தால் இவனும் குரைப்பான். ஆனால் உங்களைப் பார்த்து நிற்க, உங்கள் சொல்லுக்குத் திரும்ப, தனியாகப் பயப்படாமல் இருக்க யார் கற்றுக்கொடுப்பது? அண்ணன் நாய் இல்லாமல் தெருமுனைவரைகூட வராத குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரியது இறந்துபோனால் அவை நொறுங்கிப்போகும். இவனுக்கு நீளமான நேரம் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று தடவை. உட்கார், வா, இரு, விடு. அவ்வளவு போதும். தினமும் கொஞ்ச நேரம் மற்ற இருவரும் இல்லாத அறையில் கடிக்க ஏதாவது கொடுத்துத் தனியாகப் படுக்கப் பழக்குங்கள். வாரத்தில் இரண்டு தடவை அவனை மட்டும் வெளியே அழைத்துப் போங்கள்.

அவனிடமிருந்து ராணியைக் காப்பதும் உங்கள் வேலை. கூடத்துக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு போடுங்கள், குழந்தைகளுக்குப் போடுகிற கதவு மாதிரியானது கடையில் கிடைக்கும், பலகை வைத்து ஆசாரியிடமும் செய்துகொள்ளலாம். ராணி உறுமினால் அவளை அதட்டாதீர்கள். "போதும், விலகு" என்று அவளுக்குத் தெரிந்த பாஷையில் மரியாதையாகச் சொல்கிறாள். அந்த உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடிதான் வரும். எழுந்து போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். தனக்காக நீங்கள் எழுந்து வந்தீர்கள் என்பதை அவள் மறக்க மாட்டாள்.

பூனைகளின் கணக்கே வேறு. மீனு பீரோ மேல் இருப்பதை அவள் ஒதுங்கிவிட்டாள் என்று நினைத்து வருந்துகிறீர்கள். மூன்று நாய்கள் உள்ள வீட்டில் எட்டாத உயரம் அவளுக்கு நிம்மதி. அங்கிருந்து அவளை இறக்க முயல வேண்டாம், அங்கேயே ஒரு மெத்தை போடுங்கள், ஏறி இறங்க வழி செய்து கொடுங்கள். ஆனால் நாளெல்லாம் அங்கேயே இருந்தால், தண்ணீருக்கும் மண் தட்டுக்கும் போகிற வழியில் நாய் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். நாய் நுழையாத ஓர் அறையோ பால்கனியோ பூனைகளுக்கென்று இருந்தே ஆக வேண்டும். மண் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வேறு வேறு இடத்தில். உங்களுக்கு மூன்று. நாய் போய்க் கிளறாத இடமாக இருக்கட்டும்.

அவளிடம் போகும்போது கையை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு, அவளைப் பார்க்காமல் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். பத்து நிமிடம். அவள் பார்த்தால் நீங்களும் பார்த்து, கண்ணை மெல்ல மூடித் திறங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதர் கண்ணை இப்படி மெல்ல மூடித் திறந்தால் பூனையும் திருப்பி அப்படியே செய்தது, அருகில் வரவும் அதிகம் துணிந்தது. எங்கள் வீட்டில் ஒரு கறுப்பி மூன்று மாதம் என் அருகே வரவில்லை. ஒரு மழை நாளில் நான் படித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியின் பின்னங்காலில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள். என்னை இல்லை, நாற்காலியை. அடுத்த வாரம் என் கணுக்காலை. வந்த பிறகும் கன்னம், தாடை, காதின் அடிப்பக்கம் இவ்வளவு மட்டும் தொடுங்கள். மூன்று தடவை தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டும் என்றால் அவளே தலையால் முட்டுவாள். வால் நுனி சுண்ட ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சிம்புவுக்கு வேட்டை வேண்டும். குச்சியில் கயிறும் ஓர் இறகும் கட்டி, எலி ஓடுகிற மாதிரி சுவர் ஓரமாக இழுங்கள், முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். ஏழெட்டு நிமிடம். கடைசியில் அவன் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். பிடித்தால் தின்பது என்பதுதான் பூனைக்கு நிறைவு. மீனு பார்க்க இதைச் செய்யாதீர்கள், அவன் ஆடுகிற இடத்தில் அவள் ஆட மாட்டாள். அவன் சிறுநீர் கழிப்பதையும் தினமும் கவனியுங்கள். கடுவன் பூனை மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டுக்கூட வராமல் எழுந்தால், மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம், ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடலாம். அப்படி அடைப்பதற்கு வீட்டில் வரும் பதற்றமும் ஒரு காரணம், புதிதாக ஒரு குட்டி நாய் வந்தது போன்ற பதற்றம். இரண்டில் எந்தப் பூனையும் இரண்டு நாள் எதையும் தின்னாமல் இருந்தால் அதுவும் ஆபத்து, கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும்.

சாப்பாடு ஐந்துக்கும் ஐந்து இடத்தில். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சிம்புவின் தட்டு மேசை மேல், மீனுவின் தட்டு பீரோ மேல், ராணி அறைக்குள், வீரா கொல்லையில், டைகர் சமையலறை வாசலில். பதினைந்து நிமிடத்தில் எல்லாத் தட்டையும் எடுத்துவிடுங்கள். நாய்த் தீனியில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து போதாது, பூனைத் தீனி நாய்க்குக் கொழுப்பேற்றும். இன்னும் முக்கியமானது உண்ணி மருந்து. நாயின் முதுகில் விடுகிற சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நஞ்சு. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு வலிப்பு வரலாம். வாங்கும்போதே வீட்டில் பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குத் துளிகூடக் கொடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் 90 நிமிடத்தைப் பார்ப்போம். கேட்டைத் திறந்ததும் ஐந்து பேரையும் ஒன்றாகக் கொஞ்சுவதை விட்டுவிடுங்கள். அமைதியாக உள்ளே போய் முகம் கழுவி ஒரு காபி குடியுங்கள். அப்புறம் ராணியோடு கதவைச் சாத்திப் பன்னிரண்டு நிமிடம், முதலில் அவள்தான். வீராவோடு 25 நிமிட நடை. டைகருக்கு மூன்று ஐந்து நிமிடங்கள், அதில் ஒன்றைக் காலையில் முடித்துவிடலாம். சிம்புவுக்கு எட்டு. இரவில் படுக்கப் போகும் முன் மீனுவின் அறையில் பத்து. கூட்டிப் பாருங்கள், எழுபது நிமிடம். மிச்சம் இருபது நிமிடம் எல்லாரும் கூடத்தில் சும்மா கிடக்கலாம். அதுவும் வேண்டும், ஒன்றாகச் சும்மா கிடப்பதில்தான் அவை ஒன்றையொன்று பழகிக்கொள்ளும்.

ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. ஆனால் ஒரே பிராணிக்கு மூன்று நாள் தொடர்ந்து தவறக் கூடாது, தவறுவதும் எப்போதும் கேட்காத பிராணிக்குத்தான். அதற்காக நான் காலண்டரில் ஒவ்வொன்றின் முதலெழுத்தை எழுதி, முடிந்ததும் அடிப்பேன். உங்களுக்கு ரா, வீ, டை, சி, மீ. வாரக் கடைசியில் எந்த எழுத்து அடிபடாமல் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

வீட்டில் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாருக்கு மத்தியானம் ஓய்வு என்றால், மீனுவோடு உட்கார அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பூனைகளுக்கு அசையாமல் இருப்பவர்களைப் பிடிக்கும். வீராவின் காலை நடையைக் கணவர் எடுத்துக்கொள்ளலாம். ராணியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது வருடம் கேட்டில் நின்று காத்திருந்தது உங்களுக்காக.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், வருந்த வேண்டாம். ஐந்தோடு நிறுத்துங்கள். தெருவில் இன்னொரு குட்டி கத்தும், மனசு கேட்காது, எனக்கும் கேட்காது. அப்போது அதற்கு வேறு வீடு தேடிக் கொடுங்கள், தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் புளூ கிராஸ் மாதிரி 1959-இலிருந்து இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலும் பிராணி ஆர்வலர்கள் இருப்பார்கள். ஏழு நாய்கள் இருந்த வருடங்களில் நான் எல்லாருக்கும் சோறு போட்டேன், ஊசி போட்டேன், யாரையும் பட்டினி போடவில்லை. ஆனால் அதில் இரண்டு பேரைப் பற்றி இன்று யோசித்தால், அவர்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம்.

இன்றிரவு தண்ணீர்க் கிண்ணங்களைப் பிரித்து அளந்து வையுங்கள். ராணியின் கிண்ணத்தில் இரண்டு நாளில் எவ்வளவு குறைந்தது, எழுந்து நிற்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள், இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். அதைப் பொறுத்து அவளுக்கான பன்னிரண்டு நிமிடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.